பட்டம் வாங்காதவர்களும் பழைய மாணவர்களே: ஒரு செட்டிநாட்டுக் கல்லூரியின் நல்லெண்ணப் பயணம்

காரைக்குடிப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்று, தன் பழைய மாணவர்களைத் தேடி மார்கழிக் கடைசியிலும் தை முதலிலும் ஊர் ஊராகப் போனது. பேராசிரியர்கள் சிலர், ஒரு பேருந்து நிறைய மாணவர்கள், கல்லூரி வரலாற்றைச் சொல்லும் படப் பலகைகள், ஒயிலாட்டக் குழு, ஒரு குறுநாடகம். அதோடு, அலுவலக அலமாரியில் பல காலமாகக் கிடந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்கள் (பள்ளியிறுதி மதிப்பெண் சான்றுகள்) அடங்கிய ஒரு பெட்டி.

நான் இந்தக் கல்லூரியில் படித்தவன், இப்போது வேறொரு கல்லூரியில் கற்பிக்கிறேன். பயணத்தின் பெரும்பகுதியில் உடன் போனேன். கல்லூரியின் பெயரையும் மனிதர்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. பலர் சொன்னவை அவர்கள் வீட்டு விஷயங்கள். ஆனால் முன்னாள் மாணவர் சங்கம் வைத்திருக்கும் எல்லாக் கல்லூரிக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. பட்டம் வாங்கியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் கல்லூரியின் பாதி வரலாறு கண்ணில் படாது. சேர்ந்தவர்களின் பட்டியலை வைத்துத் தேட வேண்டும்.

பின்னணி

செட்டிநாட்டில் எந்தக் கல்லூரியின் கதையும் ஒரு கொடையிலிருந்துதான் தொடங்கும். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தது. கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். 1952-ல் பொறியியல் கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்தக் கல்லூரிகள் வரும் முன்பு இந்தப் பக்கம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை மேலே படிக்க மதுரை, திருச்சி, சென்னை என்று வெளியூர் போக வேண்டும். போக வசதி இல்லாத வீடுகளே அதிகம். அந்த அலையில் பிறந்த கல்லூரிகளில் ஒன்றுதான் நாம் பேசும் கல்லூரியும்.

இப்போது கல்லூரிகள் பழைய மாணவர்களை நினைப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாடு என்று ஒரு பகுதி உண்டு. சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, எவ்வளவு நிதி வந்தது என்று கேட்பார்கள். கேட்பது தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தால், ஆண்டுக்கு ஒரு கூட்டம், வெளிநாட்டில் இருக்கும் நாலு பேருக்குப் பொன்னாடை, ஒரு குடிநீர்க் கருவி நன்கொடை என்று அது முடிந்துபோகும். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. புதிதாகப் பொறுப்புக்கு வந்த தமிழ்த்துறைப் பேராசிரியை ஒருவர்தான், "அவங்க வரட்டும்னு காத்திருக்கிறதைவிட நாம போவோம்" என்றார்.

அவர் சொன்னதில் இந்த ஊரின் மரபு இருக்கிறது. இங்கே நல்லது கெட்டது எதுவானாலும் நேரில் வந்து சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. வாட்ஸாப்பில் வரும் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "எங்களுக்குச் சொல்லலையே" என்று மனத்தாங்கல் படும் பெரியவர்கள் இன்றும் உண்டு. சங்கம் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர் நினைத்தார். பயணத்தில் கண்டது அவர் நினைத்ததற்கு மாறாக இல்லை.

பட்டியல் எப்படி மாறியது

முதலில் கையில் இருந்தது சங்கத்தின் பட்டியல். பட்டமளிப்பு விழாக் குறிப்புகளிலிருந்து எடுத்தது. அதைப் பார்த்த அலுவலக உதவியாளர் ஒருவர், இந்தக் கல்லூரியிலேயே படித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர், கேட்ட ஒரு கேள்வி எல்லாவற்றையும் மாற்றியது: "இதுல பியூசி படிச்சவங்க யாரும் இல்லையே சார்?"

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் 1978-ல் பள்ளிகளுக்கு வந்தன. அதற்கு முன்பு பியூசி எனும் புகுமுக வகுப்பு கல்லூரியில்தான். பதினோராம் வகுப்பு முடித்து வந்து, ஓராண்டு பியூசி படித்து, தேறியோ தேறாமலோ, ஆசிரியர் பயிற்சிக்கோ பட்டாளத்துக்கோ கடைக்கோ கலியாணத்துக்கோ போனவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லூரி வாழ்க்கை என்பதே அந்த ஓராண்டுதான். பட்டம் இல்லாததால் சங்கத்தின் கணக்கில் அவர்கள் கல்லூரிக்கே வராதவர்கள். பட்டப்படிப்பில் பாதியில் நின்றவர்களின் நிலையும் அதேதான்.

ஆகவே சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கினார்கள். தடித்த அட்டை போட்ட பெரிய ஏடுகள்; சில கரையான் பட்டவை. மாணவர்கள் உட்கார்ந்து ஊர்வாரியாகப் பிரித்தார்கள். இங்கே பேராசிரியை எடுத்த ஒரு முடிவை மற்றவர்கள் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் சாதி, வருமானம், மதிப்பெண் எல்லாம் இருக்கும். அதை அப்படியே படம் எடுத்துக் கைபேசியில் கொண்டுபோக அவர் விடவில்லை. பெயர், தகப்பனார் பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, பிரிவு, இவ்வளவுதான் புதுத் தாளுக்கு வந்தது. ஒரு கிராமத்தின் நடுவில் நின்று பழைய ஏட்டைத் திறப்பது எத்தனை வீட்டுக் கதவைத் தட்டாமல் திறப்பது என்று யோசித்தால் இதன் அருமை புரியும்.

நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில்களில் புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. திருமணம் ஆனதும் அந்தத் தம்பதி தங்கள் நகரக் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவாவார்கள். அதன்பிறகு பர்மாவுக்குப் போனாலும் மலேயாவுக்குப் போனாலும், ஜெயித்தாலும் தோற்றாலும், புள்ளி புள்ளிதான். ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பதிவேடும் அப்படிப்பட்ட ஏடாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காலமும் வழியும்

மார்கழி-தையைத் தேர்ந்தெடுத்தது யோசித்துச் செய்தது. பருவத் தேர்வு முடிந்திருக்கும். மழை விட்டிருக்கும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரும் பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும் சடங்குக்கு வெளியூரில் இருப்பவர்களில் சிலர் ஊருக்கு வருவார்கள். பொங்கலுக்கு இன்னும் சிலர். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடி போகும் பாதயாத்திரைக்காக வருபவர்களும் உண்டு. ஆண்டின் மற்ற நாட்களில் பல பெரிய வீடுகள் பூட்டியே கிடக்கும்; திறப்பதே முன்னோருக்கான படைப்புக்கும் திருமணத்துக்கும்தான்.

ஆனால் அதே தை மாதம் அறுவடைக் காலம். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பகலில் ஆள் பிடிக்க முடியாது. அங்கே சந்திப்புகளை விளக்கு வைத்த பிறகு வைத்துக்கொண்டார்கள்.

கோட்டையூர், புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டைச் சுற்றுவட்டாரம், பிறகு புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் மேலைச்சிவபுரி. ஒவ்வொரு ஊரிலும் முதலில் வீடு வீடாகப் போவது, மாலையில் பள்ளி வளாகத்திலோ கோயில் முன்னாலோ நிகழ்ச்சி, அப்புறம் பேச்சு. பேச்சுக்குத்தான் நேரம் போதவே இல்லை.

நாடகம் வ.சுப. மாணிக்கனாரைப் பற்றியது. 1917-ல் மேலைச்சிவபுரியில் பிறந்து, சிறுவயதிலேயே பர்மாவுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். பொய் சொல்ல மாட்டேன் என்றார், வேலை போயிற்று. ஊர் திரும்பி, பண்டிதமணி கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் படித்து, பிற்காலத்தில் காரைக்குடி அழகப்பா கல்லூரியின் முதல்வராகவும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனார். நாடகத்துக்கு இந்தக் கதையை எடுத்தது பொருத்தம். அவர் படிப்பு நேர்கோட்டில் வந்த படிப்பு இல்லை. விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலருடைய படிப்பும் அப்படிப்பட்டதே, என்ன, அவர்களுக்குத் திரும்பி வர வழி கிடைக்கவில்லை. மேலைச்சிவபுரியில் இந்த நாடகம் நடந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் வசனத்தை மாணவர்களுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1909-ல் தமிழ் வளர்க்கச் சன்மார்க்க சபை தொடங்கிய ஊர் அது, தமிழ் அங்கே அன்றாடச் சாப்பாடு.

ஊர்களில் நடந்தது

கானாடுகாத்தானில் பேருந்து நின்றதும், "ஷூட்டிங்கா? வீடு பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பர்மா தேக்குத் தூணையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர்ப் பூச்சையும் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். பாரம்பரியம் என்றாலே வீடு, பலகாரம், பாத்திரம் என்று ஆகிவிட்ட இடத்தில், "இந்த வீட்டு முகவரியில 1968-ல ஒருத்தர் எங்க கல்லூரியில சேர்ந்திருக்கார், அவரைத் தேடி வந்தோம்" என்று ஒரு மாணவி சொன்னதும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் முகம் மாறியது. அவரே சென்னைக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பூட்டிய வீடுகளின் ஆட்களைக் கண்டுபிடிக்க இந்தக் காவலர்களும், கோயில் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்களும் செய்த உதவியை எந்த இணையப் படிவமும் செய்திருக்காது.

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி, தன் கணவர் வைத்திருந்த கல்லூரி மலர்களைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கொடுக்கவில்லை. "இங்கேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கங்க" என்றார். வளவில் பாயை விரித்து மாணவர்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். அவர் செய்ததே சரி. காகிதம் வீட்டிலிருந்து வெளியே போனால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் நூல், இதழ், அழைப்பிதழ், நோட்டீஸ் என்று ஒரு லட்சத்துக்கு நெருக்கமாகச் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, 1994-ல் சென்னையில் நூலகமாக நிலைக்க வைத்தது. அப்படி ஒருவர் எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே மாணவர்கள் கேட்டதும் அவர் சேர்த்த வகைச் சில்லறைக் காகிதங்களைத்தான்: ஹால் டிக்கெட், விடுதி மெஸ் ரசீது, பேருந்துப் பாஸ், விளையாட்டுச் சான்றிதழ்.

ஆத்தங்குடியில் சந்தித்தவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேதியியல் இரண்டாம் ஆண்டோடு நின்றவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், தரைக்கல் பட்டறையை எடுத்து நடத்த வந்துவிட்டார். "நான் உங்க லிஸ்ட்ல வர மாட்டேன் தம்பி" என்றுதான் ஆரம்பித்தார். வேதியியல் மாணவர்கள் விடவில்லை. சரி, பாருங்கள் என்று காட்டினார். கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வேலைக்கான அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஆக்சைடு கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைக் கலையாமல் தூக்குகிறார். மேலே உலர்ந்த சிமெண்டு-மணல் கலவையைத் தூவுகிறார், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு மொத்தக் கலவை. தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறிய பிறகு வெளியே காய்ந்து வரும்போது கண்ணாடி பட்ட முகம் கண்ணாடி போலவே இருக்கிறது. சூளை கிடையாது. ஊற வைப்பது ஏன், வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் ஏன் வெடிக்கிறது என்று அவர் விளக்கியபோது, சிமெண்டு நீரேற்றம் பற்றி வகுப்பில் கேட்டதெல்லாம் அந்த மாணவர்களுக்கு அங்கேதான் பிடிபட்டது. உடன் வந்த ஆசிரியர் அங்கேயே அவரைத் துறைக்குப் பேச அழைத்தார். பட்டம் வாங்காத ஒருவரை விருந்தினராக அழைத்தால் அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று ஒருவர் கேட்டார். "பழைய மாணவர்னு போடுங்க" என்றார் பேராசிரியை.

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் படப் பலகைகளைப் பார்த்துவிட்டு, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நேராகவே கேட்டார். "ஸ்தாபகர் இருக்கார், கட்டடம் இருக்கு, மந்திரி வந்த போட்டோ இருக்கு. நாங்க இருந்த ஹாஸ்டல் எங்க?" அவர் தன் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். அரசு நல விடுதியில் தங்கிப் படித்தவர். சனி ஞாயிறில் கண்மாய் வேலைக்கு வந்து, திங்கள் காலையில் நடந்தே வகுப்புக்குப் போனதைச் சொன்னார். மெஸ்ஸில் சோறு குறைந்த நாட்களில், சமையல்கார அம்மா ஒருவர் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்த கதையைச் சொன்னார். மாணவர்களில் பாதிக்கு மேல் அவரைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். அதுவரை பலகையைத் தூக்கி நிறுத்துவதே தங்கள் வேலை என்று இருந்தவர்கள், சூழ்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் முதல் ஒரு பலகை வெறுமையாகப் போனது. ஊர்க்காரர்கள் கொண்டு வரும் படத்தின் நகலையும் எழுதிக் கொடுக்கும் வரிகளையும் அதில் ஒட்டினார்கள். கொடை கொடுத்தவரின் படத்தை யாரும் இறக்கவில்லை. இறக்கவும் கூடாது. அவர் கொடுத்ததை என்னவாக ஆக்கினார்கள் என்பதைச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி

அந்தக் காலத்தில் கல்லூரியில் சேரும்போது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கட்டணப் பாக்கி இருந்தால் திரும்பக் கிடைக்காது. பாதியில் நின்றவர்களில் பலர் பாக்கியோடு நின்றவர்கள். பயந்துகொண்டு வரவே இல்லை. இப்போது அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்துவிட்டது. பழைய புத்தகங்கள் மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுப்பதை நல்லெண்ணப் பயணத்தின் வேலையாக ஆக்கியதுதான் இந்த நிகழ்வின் ஆகச் சிறந்த முடிவு என்று நான் நினைக்கிறேன். பழைய பாக்கியைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முதல்வர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

புதுவயலில் ஒரு வீட்டில், அரிசி ஆலைக் கணக்கையே பல வருடம் பார்த்த ஒரு பெண்மணி. முதலாண்டு முடிந்த விடுமுறையில் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். "உள்ள வா ஆத்தா" என்று மாணவியை அழைத்து உட்கார வைத்தவர், புத்தகத்தை வாங்கியதும் முதலில் பார்த்தது கணக்கு மதிப்பெண்ணை. "தொண்ணூத்தி ரெண்டு. டேய், இங்க வா, இதைப் பாரு" என்று பேரனைக் கூப்பிட்டார். அப்பத்தா படித்தவர் என்பதே அந்தப் பையனுக்கு அன்றுதான் தெரியும். அப்புறம் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: இப்போது சேர்ந்து முடிக்க முடியுமா? தொலைநிலைக் கல்வியில் வயது வரம்பு தடையில்லை என்று பேராசிரியை சொல்லி, விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று மாணவியை எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. சிலர் இறந்து போயிருந்தார்கள். பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வாங்க மறுத்தார். அந்தப் புத்தகம் இல்லாததால் தன் கைவிட்டுப் போன ஓர் அரசு வேலையைப் பற்றிக் கோபமாகவே பேசினார். யாரும் குறுக்கே பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவர் சொன்னதை அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு நல்லெண்ணம் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

பயணத்துக்குப் பிறகு

வழி முழுக்க நன்கொடை கேட்கவில்லை. ரசீதுப் புத்தகமே கொண்டு போகவில்லை. ஆனாலும் பணம் வந்தது, பெரும்பாலும் சிறு தொகைகளாக, பலர் விடுதிச் சாப்பாட்டுக்கு என்று குறிப்பிட்டே அனுப்பினார்கள். அதில் எவ்வளவு பயணத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதைச் சாதனையாக எழுதவும் நான் விரும்பவில்லை.

நிலைத்த மாற்றம் சங்கத்தின் விதியில் நடந்தது. ஒரு நாளாவது பதிவேட்டில் பெயர் இருந்தவர் உறுப்பினராகலாம் என்று திருத்தினார்கள். பட்டம் பெற்றவர்கள் சிலர் இதை எதிர்த்தார்கள். சங்கத்தின் மதிப்பு குறையும் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் கண்ணதாசனைச் சொன்னார். அமராவதிபுதூர் குருகுலத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். எங்கள் மாணவர் இல்லை என்று அந்த ஊர் சொல்லுமா என்று கேட்டார். திருத்தம் நிறைவேறியது.

மற்றக் கல்லூரிகள் இதைச் செய்ய நினைத்தால் செலவு பெரிதல்ல: டீசல், சாப்பாடு, நகல் எடுக்கும் பணம். கடினமானது பதிவேட்டிலிருந்து ஊர்வாரியாகப் பெயர் எடுக்கும் வேலை. அதை மாணவர்களிடம் கொடுங்கள். தங்கள் சொந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொருவரும் தேடியபோது சிலருக்குச் சொந்தத் தாத்தாவே கிடைத்தார். ஊருக்குப் போகும் முன் அங்கே எந்தத் தெருவையும் விட்டுவிடாதபடி வழி வகுத்துக்கொள்ளுங்கள். பெரிய வீடுகள் இருக்கும் தெருவிலேயே நாள் முடிந்துவிடும், காலனிக்கு நேரம் இல்லாமல் போகும். இங்கே முதல் இரண்டு ஊர்களுக்குப் பிறகு காலையில் காலனி, மாலையில் பெரிய தெரு என்று மாற்றிக்கொண்டார்கள்.

பெட்டி இன்னும் காலியாகவில்லை. திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்துப் புத்தகங்கள் மீதம் இருக்கின்றன. அந்த ஊர்களைச் சேர்ந்த மாணவர்கள் இப்போது பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒயிலாட்டக் குழுவில் கடைசி ஆண்டு மாணவர்கள் போய்விடுவதால் புது ஆட்களுக்கு அடவு சொல்லிக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது.